லீட் கிட்டார் பழகத் தொடங்குவோருக்கு: விரலுக்கு முன் காது

ஏழெட்டு கார்ட்களைத் தடுமாறாமல் மாற்றி மாற்றி மீட்டவும், நண்பர்கள் பாடும்போது கூடவே வாசிக்கவும் பழகிவிட்ட ஒருவருக்கு, அடுத்ததாகப் பாடலின் இடையிசையில் தனித்து ஒலிக்கும் லீட் கிட்டாரைத் தானும் வாசிக்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. இந்தக் கட்டுரை அவருக்காகத்தான். கோலாலம்பூர்க் கல்யாண மண்டபங்களில் இசைக்குழுவோடு பல ஆண்டுகள் வாசித்தவன், இப்போது செந்தூலில் வார இறுதிகளில் சில இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்: புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எப்படி வேகமாக வாசிப்பது என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சில மாதங்களுக்கு ஒத்திவைக்கும்படி நான் கேட்டுக்கொள்வேன். ஒரே ஒரு சுரத்தைச் சுருதி பிசகாமலும், தாளத்தை விட்டு விலகாமலும், பக்கத்துக் கம்பிகளின் இரைச்சல் கலக்காமலும் வாசிக்கத் தெரிந்தவருக்கு வேகம் தானாக வந்து சேரும். வேகத்தை மட்டும் முதலில் பிடித்தவர் மற்ற மூன்றையும் பின்னால் தேடிப் பிடிக்கப் பெரும்பாடு படுவார்.

கருவியைச் சரிசெய்துகொள்ளுதல்

லீட் பழக எலக்ட்ரிக் கிட்டார்தான் ஏற்றது. அக்கூஸ்டிக் கிட்டாரின் தடித்த கம்பியை ஒரு முழுச் சுரம் அளவுக்கு வளைத்து இழுப்பது தொடக்கநிலை விரல்களுக்குத் தண்டனை. கடையில் கம்பி வாங்கும்போது 'ஒன்பது நாற்பத்திரண்டு' என்று கேளுங்கள். மெல்லிய கம்பி 0.009 அங்குலமும் தடித்த கம்பி 0.042 அங்குலமும் கொண்ட கட்டு அது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) மேல் கம்பி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஒருமுறை பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். முதல் கிட்டாருக்கு, கம்பிகளை உடலின் பக்கம் தாங்கும் பிரிட்ஜ் அசையாமல் உள்ளதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் நகரும். பழக வேண்டிய நேரம் முழுவதும் திருகாணியிலேயே கழிந்துவிடும்.

சுருதி சேர்க்கும்போது தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற வரிசையில் சேர்க்க வேண்டும். தடித்த இ கம்பி 82.41 ஹெர்ட்ஸ், மெல்லிய இ கம்பி 329.63 ஹெர்ட்ஸ், இரண்டுக்கும் நடுவே சரியாக இரண்டு ஸ்தாயி. சுருதி கூடிவிட்டால் அப்படியே தளர்த்தி நிறுத்தாமல், தேவைக்குக் கீழே இறக்கிவிட்டு மீண்டும் மேலே ஏற்றி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் திருகாணியின் பல்லில் தங்கும் தளர்வு, முதல் பெண்டிலேயே, அதாவது கம்பியை முதன்முறை வளைத்து இழுத்ததுமே, கம்பியைக் கீழே இறக்கிவிடும்.

நம் ஊர் வெப்பமும் ஈரமும் எஃகுக் கம்பிக்கு ஆகாதவை. பினாங்கில் கடலுக்கு அருகே இருந்த என் பழைய வீட்டில் இரண்டே வாரத்தில் கம்பி சொரசொரத்துப்போகும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு சேர்த்துத் துடைப்பது அரை நிமிட வேலை; அதனால் கம்பியின் ஆயுள் கூடுவதை நீங்களே காண்பீர்கள். குளிர்சாதன அறைக்குள் கிட்டாரைக் கொண்டுபோனதும் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், மேடை விளக்கின் சூட்டில் இறங்கும். ஆகவே அந்த இடத்திலேயே கால் மணி நேரம் வைத்திருந்த பிறகு சுருதி சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக் 1 மில்லிமீட்டர் தடிப்பில் வளையாததாக இருக்கட்டும். மெல்லிய பிக் கார்ட் மீட்டுவதற்கு இதமானதுதான். ஆனால் தனிச் சுரங்களில் அது வளைந்து திரும்புவதற்குள் நேரம் தவறிவிடும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஹெட்போன் செருகும் வசதியுள்ள சிறிய ஆம்ப் ஒன்றை வாங்கிக்கொண்டால், இரவு பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டாரின் முகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பன்னிரண்டு சுரங்கள் போதும்

முதல் மூன்று மாதங்களுக்கு ஒரே ஓர் ஸ்கேல், ஒரே ஓர் இடம் போதும். ஏ மைனர் பென்டட்டானிக் என்று சொல்லப்படும் ஐந்து சுர அமைப்பை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடிக்க வேண்டும். தடித்த ஆறாம் கம்பியில் 5, 8 ஆகிய ஃப்ரெட்களும், ஐந்தாம், நான்காம், மூன்றாம் கம்பிகளில் 5, 7 ஆகியவையும், இரண்டாம், முதல் கம்பிகளில் மீண்டும் 5, 8 ஆகியவையுமாக மொத்தம் பன்னிரண்டு இடங்கள். ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், ஏழுக்கு மோதிர விரல், எட்டுக்குச் சுண்டுவிரல் என்று விரல்களுக்கு இடம் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கம்பியின் எட்டாம் ஃப்ரெட்டில் மட்டும், வளைத்து இழுக்கும்போது மோதிர விரலையே பயன்படுத்தலாம். சுண்டுவிரலுக்கு அந்த வலு இருக்காது.

கர்நாடக இசை கொஞ்சம் பழகியவருக்கு இது புதிதே அல்ல. ஏ என்ற சுரத்தை ஸட்ஜமாக வைத்தால் ஸ, க2, ம1, ப, நி2 என்று சுத்த தன்யாசி வந்து நிற்கிறது. அதே ஐந்து சுரங்களை ஸி என்ற சுரத்திலிருந்து தொடங்கிப் பாடினால் மோகனம். டியிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி, இயிலிருந்து தொடங்கினால் இந்தோளம். கிரக பேதம் என்று பாட்டு வகுப்பில் கேட்ட சங்கதி கிட்டாரின் ஒரே சதுரத்துக்குள் அடங்கியிருப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ராகத்தின் பிரயோகங்களும் கமகங்களும் வேறு விஷயம். சுரங்களின் பட்டியல் மட்டும் ராகமாகிவிடாது. ஆனாலும் எங்கே நின்றால் எப்படி ஒலிக்கும் என்ற உணர்வு நம் காதில் ஏற்கெனவே பாதி உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தப் பன்னிரண்டு இடங்களையும் மேலும் கீழும் ஏறி இறங்கி வாசிப்பதை ஒரு வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு செய்ய வேண்டியது வேறு: ஒரு சுரத்தை முதலில் வாயால் பாடுங்கள், பிறகு அதைக் கம்பியில் தேடி வாசியுங்கள். தேடும்போது தவறான இடத்தில் விரல் விழுந்தால் வருந்த வேண்டாம். பாடியதற்கும் வாசித்ததற்கும் இடையே உள்ள தூரத்தை உங்கள் காது அளக்கத் தொடங்குகிறது என்று பொருள். நாளுக்குப் பத்து நிமிடம் இதைச் செய்தவர்கள், இரண்டே மாதத்தில், கேட்ட மெட்டை ஓரளவு தேடாமலே பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். குரல் நன்றாக இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. பாடுவது பிறர் கேட்பதற்காக அன்று.

வளைத்து இழுத்தல்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

லீட் கிட்டார் மனிதக் குரல்போல ஒலிப்பதற்குப் பெரிய காரணம் பெண்ட். கம்பியை அழுத்திய நிலையிலேயே பக்கவாட்டில் தள்ளி இழுவிசையைக் கூட்டினால் சுருதி ஏறுகிறது, செய்வது அவ்வளவுதான். எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் கண் சொல்லாது, ஃப்ரெட்டும் சொல்லாது, காதுதான் சொல்ல வேண்டும். தொடக்கநிலையாளர் வாசிப்பதைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிடலாம் என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: பெண்ட் சேர வேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும்.

நானும் விதிவிலக்கல்ல. வாசிக்கத் தொடங்கி இரண்டாம் ஆண்டில், நன்றாக வருகிறது என்று நம்பிக்கொண்டு ஒரு துண்டைக் கைப்பேசியில் பதிவுசெய்து தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தாண்ணே இருக்கு, நடுவுல அந்தப் பூனை மட்டும் ஏன் அழுவுது?" என்றாள். வாசிக்கும் நேரத்தில் என் காதுக்குப் பிடிபடாத அந்தப் பூனை, பதிவைத் திரும்பக் கேட்டபோது ஒவ்வொரு பெண்டிலும் தெளிவாக அழுதது.

பயிற்சி இப்படி. மூன்றாம் கம்பியின் ஒன்பதாம் ஃப்ரெட்டை வாசியுங்கள், அது இ. அந்த ஒலியை மனத்தில் நிறுத்தி, ஒருமுறை வாயாலும் பாடிக்கொள்ளுங்கள். இப்போது அதே கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டில், டி என்ற சுரத்தில், மோதிர விரலை வையுங்கள். அதன் பின்னால் ஆறாம் ஃப்ரெட்டில் நடுவிரலும் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலும் அதே கம்பியின்மேல் துணைக்கு நிற்கட்டும். கட்டைவிரல் கழுத்தின் மேல்விளிம்பைப் பற்றியிருக்க வேண்டும். இனி விரல்களை மடக்கித் தள்ளாமல், பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல மணிக்கட்டைத் திருப்புங்கள். மூன்று விரல்களும் ஒன்றாகக் கம்பியைத் தடித்த கம்பிகளின் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். நீங்கள் பாடிய இ வந்ததும் நிறுத்திப் பிடித்து, நான்கு தட்டு வரை அசையாமல் வைத்திருங்கள். பெரும்பாலோர் சுரத்தைத் தொட்டதும் கையைத் தளர்த்திவிடுவார்கள். அந்த நான்கு தட்டுதான் பயிற்சி, ஏறுவது அன்று.

சரியாகச் சேர்ந்ததா என்று சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டும் இதே இ சுரம்தான், 329.63 ஹெர்ட்ஸ். ஆள்காட்டி விரலால் அதைப் பிடித்து, மூன்றாம் கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டை மற்ற இரண்டு விரல்களால் வளைத்து, இரண்டு கம்பிகளையும் ஒன்றாக மீட்டுங்கள். வளைத்த கம்பி 324 ஹெர்ட்ஸில் நின்றுவிட்டால், இரண்டு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்கு ஏற்ப, விநாடிக்கு ஐந்தாறு முறை ஒலி கூடிக் குறைந்து ஒரு நடுக்கம் கேட்கும். நெருங்க நெருங்க அந்த நடுக்கம் மெதுவாகிக்கொண்டே போய், இரண்டும் ஒன்றானதும் அடங்கிவிடும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் தவறைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் இந்த நடுக்கம். நாள்தோறும் இருபது முறை இதைச் செய்யுங்கள். பிறகு இரண்டாம் கம்பியின் எட்டாம் ஃப்ரெட்டை வளைத்து, பத்தாம் ஃப்ரெட்டின் ஏ சுரத்துக்கு ஏற்றிப் பழகுங்கள்.

முழுச் சுர பெண்ட் கைவந்த பிறகு, மூன்றாம் கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டை எட்டாம் ஃப்ரெட்டின் அளவுக்கு மட்டும் ஏற்றும் அரைச்சுர பெண்டையும், முன்கூட்டியே வளைத்துவிட்டுப் பிறகு மீட்டி மெல்ல இறக்கும் பெண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது சொன்னது கடினம். மீட்டுவதற்கு முன் ஒலியே இல்லாததால் விரலின் நினைவு ஒன்றையே நம்ப வேண்டும். விரல்நுனி எரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், மூன்று நான்கு வாரத்தில் தோல் இறுகிவிடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் அது தோல் இறுகும் கதை இல்லை. ஓய்வு கொடுத்துவிட்டு, கையை வைக்கும் முறையைத் திருத்த வேண்டும்.

அசைவு

ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது அதைச் சீராக ஏற்றி இறக்கி அசைப்பது வைப்ராட்டோ. பெண்டுக்குச் சொன்ன அதே மணிக்கட்டுத் திருப்பம்தான் இதற்கும், அளவு மட்டும் சிறியது. புளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங், தம் உறவினர் புக்கா வைட் ஸ்லைடு குழாயால் எழுப்பிய ஒலியைத் தம்மால் அப்படிக் கொண்டுவர முடியாமல், அதை இடக்கை நடுக்கத்தாலேயே கொண்டுவர முயன்றதில்தான் அவருக்கே உரிய வைப்ராட்டோ பிறந்தது என்று சொல்லியிருக்கிறார்.

தொடங்கும்போது, சீராகத் தட்டு எண்ணும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு அசைவு, பிறகு மூன்று, பிறகு நான்கு என்று எண்ணி அசையுங்கள். எண்ணாமல் அசைத்தால் பதற்றத்தில் நடுங்குவதுபோலக் கேட்கும். ஒவ்வோர் அசைவும் முடியும்போது கம்பி தொடங்கிய இடத்துக்கே முழுதாகத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் சுரம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். சுரத்தை எடுத்த உடனே அசைக்காமல், ஒரு கணம் நேராக நிறுத்திவிட்டு அசைக்கத் தொடங்குவது என் காதுக்குப் பிடித்தது. நல்ல நாதஸ்வரக்காரர் நீண்ட சுரத்தை எப்படித் தொடங்கி எப்போது அசைக்கிறார் என்று கவனித்தால் நான் சொல்வது விளங்கும்.

ஹேமர் ஆன், புல் ஆஃப், ஸ்லைடு ஆகியவற்றைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டை மீட்டிவிட்டு, பிக் படாமல் மோதிர விரலை ஏழாம் ஃப்ரெட்டில் சுத்தியல்போல இறக்கினால் முதலாவது. அந்த விரலை வெறுமனே தூக்காமல் கீழ்ப்பக்கமாகக் கம்பியைச் சுண்டிவிட்டு எடுத்தால் இரண்டாவது. அழுத்தம் குறையாமல் கம்பியோடு வழுக்கிப் போனால் மூன்றாவது. மீட்டிய சுரமும் மீட்டாத சுரமும் ஒரே அளவில் ஒலிக்கிறதா என்பது மட்டுமே சோதனை.

வலக்கையும் மெட்ரோனோமும்

பிக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாறி மாறிச் செல்ல வேண்டும். ஒரே கம்பியில் இதில் குழப்பம் வராது. கம்பி மாறும் இடத்தில்தான் கை தன் வசதிக்கு ஏமாற்றிக் கீழ் வீச்சையே இரண்டு முறை போடும். ஆகையால் இரண்டாம், மூன்றாம் கம்பிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்றாம் கம்பியில் 5, 7, இரண்டாம் கம்பியில் 5, 8 என்ற நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். பிறகு அதையே மேல் வீச்சில் தொடங்கி வாசித்துப் பாருங்கள். அப்போது வரும் தடுமாற்றம் உங்கள் வலக்கை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். பிக்கின் நுனி 2 மில்லிமீட்டருக்கு மேல் கம்பிக்குள் இறங்க வேண்டியதில்லை.

மெட்ரோனோமை 60-இல் வைத்து, தட்டுக்கு இரண்டு சுரம் என்று தொடங்குங்கள். மூன்று முறை தொடர்ந்து பிசகில்லாமல் வந்தால் 4 கூட்டுங்கள். ஒருமுறை பிசகினாலும் 8 குறையுங்கள். இந்தக் கணக்கில் எரிச்சல் வருவது உண்மைதான். ஆனால் பிசகோடு வாசித்த ஒவ்வொரு சுற்றும் அந்தப் பிசகுக்குக் கொடுத்த பயிற்சியாகவே முடிகிறது. 120-இல் தட்டுக்கு நான்கு சுரம், அதாவது விநாடிக்கு எட்டுச் சுரம், சுத்தமாக வரும் நாளில் நாம் மண்டபங்களில் வாசிக்கும் பாடல்களின் பெரும்பாலான இடையிசைகள் உங்கள் கைக்குள் வந்துவிடும். அதற்கு ஓர் ஆண்டு ஆனால் அது தாமதம் அல்ல.

கை ஓரளவு நிலைப்பட்ட பிறகு, மெட்ரோனோமை 40-இல் வைத்து, அந்தத் தட்டுகளை நான்கு தட்டுச் சுற்றின் இரண்டாம், நான்காம் தட்டுகளாக எண்ணிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். உண்மையில் நீங்கள் வாசிப்பது 80 வேகம். ஒன்றாம் தட்டை யாரும் சொல்லாதபோது அதை உள்ளே சுமந்துகொண்டு போகப் பழக்கும் பயிற்சி இது. தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை செல்லும் வழியில் உறுமி மேளத்துக்குப் பின்னால் நடந்து பழகிய கால்களுக்கு இது அவ்வளவு கடினமாக இராது என்பது என் அனுபவம்.

ஒலிக்கக் கூடாதவை

ஆம்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனைக் கூட்டியதும், நீங்கள் தொடாத கம்பிகளும் முனகத் தொடங்கும். அதை அடக்குவது இரண்டு கைகளுக்கும் பொதுவான வேலை. வாசிக்கும் கம்பியைவிடத் தடித்த கம்பிகளின்மேல் வலக்கையின் உள்ளங்கை விளிம்பு படிந்திருக்க வேண்டும். மெல்லிய கம்பிகளின்மேல் இடக்கை ஆள்காட்டி விரலின் உட்பகுதி தளர்வாகப் படிந்திருக்க, அதே விரலின் நுனி அடுத்த தடித்த கம்பியை இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெண்ட் செய்யும்போது பக்கத்துக் கம்பியும் விரலுக்கடியில் சிக்கித் தள்ளப்படும். பெண்டை விடும் கணத்தில் அது துள்ளி ஒலிப்பதே புதியவர்களின் வாசிப்பில் கேட்கும் அந்த 'டங்'. ஆள்காட்டி விரல் நுனியின் வேலை அதைத் தடுப்பது.

இதற்கென்று தனிப் பயிற்சி நேரம் ஒதுக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், வழக்கமாகச் செய்யும் பயிற்சிகளையே டிஸ்டோர்ஷனைத் தாராளமாக வைத்துச் செய்யுங்கள். மற்ற நாள்களில் சுத்தமான ஒலியில் வாசியுங்கள், ஏனென்றால் பிக்கின் அழுத்தத்தில் உள்ள ஏற்றத்தாழ்வுகளை டிஸ்டோர்ஷன் மூடி மறைத்துவிடும்.

மூச்சும் வாக்கியமும்

நாதஸ்வரக்காரருக்கும் பாடகருக்கும் மூச்சு தீர்கிறது, அதனால் அவர்கள் வாக்கியத்தை முடித்தே ஆக வேண்டும். கிட்டாருக்கு மூச்சு வாங்குவதில்லை. இந்த வசதிதான் புதியவர்களைக் கெடுக்கிறது. நிறுத்தவே தெரியாமல் வாசித்துக்கொண்டே போவார்கள். வாசிக்கத் தொடங்கும்போது மூச்சை வெளியே விடத் தொடங்குங்கள், மூச்சு முடியும் இடத்தில் வாக்கியத்தை முடித்துவிடுங்கள், அடுத்த மூச்சை இழுக்கும்வரை கம்பியைத் தொடாதீர்கள். இரண்டு நாள் இதைச் செய்தாலே உங்கள் வாசிப்பில் கேள்வியும் பதிலும் பிரிந்து நிற்பது கேட்கும்.

அடுத்து, எந்தச் சுரத்தில் முடிப்பது என்ற கேள்வி வரும். ஏ மைனர், எஃப், ஸி, ஜி என்ற நான்கு கார்ட்கள் சுற்றி வரும் பேக்கிங் டிராக் (கூடவே வாசிப்பதற்கான பின்னணி இசைப் பதிவு) ஒன்றை யூடியூபில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், ஏராளமாகக் கிடைக்கும். முதல் நாள் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே ஒரு சுரம் மட்டும் வாசியுங்கள். ஏ மைனர் வரும்போது முதல் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட், எஃப் வரும்போது மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட், ஸி வரும்போது இரண்டாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட், ஜி வரும்போது மூன்றாம் கம்பியின் ஏழாம் ஃப்ரெட். இந்த நான்கும் அந்தந்தக் கார்டுக்குள்ளேயே இருக்கும் சுரங்கள் என்பதால், நீங்கள் எதுவும் செய்யாமலே பாட்டோடு ஒட்டிக்கொண்டதுபோல ஒலிக்கும். மறுநாள் அந்தச் சுரத்துக்கு முன்னால் இரண்டு சுரம் சேர்த்து அதில் வந்து இறங்குங்கள். இறங்கும் இடம் தெரிந்தவருக்கு, புறப்படும் இடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

கேட்டு எடுத்தல்

டேப் என்று சொல்லப்படும் எண் குறிப்புகள் இன்று ஏராளமான பாடல்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து வாசிப்பதில் குற்றமில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு துண்டையாவது எதையும் பாராமல் காதால் மட்டும் கேட்டு எடுங்கள். உங்களுக்குப் பிடித்த பழைய பாடலொன்றின் இடையிசையில், மெதுவாகச் செல்லும் எட்டு விநாடித் துண்டைத் தேர்ந்தெடுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75-க்கோ 0.5-க்கோ குறைத்தால் சுருதி மாறாமலே மெதுவாகும். அந்தத் துண்டை முழுதாகப் பாடும்வரை கிட்டாரைத் தொடாதீர்கள். பாட வந்ததும் முதல் சுரத்தை மட்டும் தேடுங்கள், அது கிடைத்துவிட்டால் மற்றவை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வரும்.

கிட்டார் இசையை மட்டும் கேட்டு எடுக்க வேண்டும் என்பதில்லை. பாடகரின் பல்லவியை, புல்லாங்குழலை, வயலினை எடுங்கள். சுரத்திலிருந்து சுரத்துக்கு அவர்கள் போகும் வளைவுகளைக் கம்பியில் கொண்டுவர முயலும்போது, எங்கே ஸ்லைடு, எங்கே பெண்ட், எங்கே ஹேமர் ஆன் என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டியிருக்கும். அந்தத் தீர்மானங்கள் சேர்ந்துதான் ஒருவருடைய பாணி ஆகிறது. எலக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக இசைக் கச்சேரிகள் செய்யும் கிட்டார் பிரசன்னாவின் இடக்கையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள், கம்பியை விடாமல் வழுக்கியும் இழுத்தும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது தெரியும்.

நேரம் எப்படிக் கிடைக்கும்

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குப் படிக்கும் மாணவருக்கும், காஜாங்கிலிருந்து ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போய்வருபவருக்கும் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பழகச் சொல்வது வெறும் பேச்சு. அரை மணி நேரம் போதும், ஆனால் நாள்தோறும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்றரை மணி நேரம் வாசிப்பதும் இதுவும் ஒன்றல்ல. அந்த அரை மணியில் முதல் பத்து நிமிடம் பெண்டுக்கும் அசைவுக்கும், அடுத்த ஐந்து நிமிடம் மெட்ரோனோமோடு வலக்கைக்கும், மீதியைப் பாடி வாசிப்பதற்கோ பேக்கிங் டிராக்கோடு வாசிப்பதற்கோ கொடுங்கள். கிட்டாரை உறைக்குள் போட்டு அலமாரியின்மேல் வைக்காமல், கூடத்தில் கண்ணில் படும்படி ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவையுங்கள். சோறு வேகும் நேரத்தில் எடுத்த ஐந்து நிமிடங்களால் முன்னேறியவர்கள் என் மாணவர்களில் உண்டு.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் வாசித்துக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள், ஆனால் உடனே கேட்காதீர்கள். மறுநாள் கேட்டால் அது வேறு யாரோ வாசித்ததுபோலக் கேட்கும். தவறு அப்போதுதான் தெரியும். ஒரு பதிவுக்கு ஒரே ஒரு குறையை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் அதைச் சரிசெய்யுங்கள்.

இசைக்குழுவில் முதல் முறை

மேடையில் நான் வாங்கிய முதல் திட்டு வேகக் குறைவுக்காகக் கிடைத்ததல்ல. கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் எனக்குக் கொடுத்த எட்டுச் சுற்று இடையிசை நன்றாக வந்த மகிழ்ச்சியில், பாடகி சரணத்தைத் தொடங்கிய பிறகும் நான் இரண்டு சுற்று கூடுதலாக வாசித்துவிட்டேன். இடைவேளையில் குழுத் தலைவர் தே தாரிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, பாட்டு அவங்களோடது" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே முதல் முறை குழுவோடு வாசிக்கப் போகும்போது, எத்தனை சுற்று என்பதையும், கீபோர்டு வாசிப்பவர் எந்த இடத்தில் உங்களிடம் விடுவார், நீங்கள் எந்த இடத்தில் அவரிடம் திருப்பிக் கொடுப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில் என்ன வாசிப்பது என்பதை மட்டும் வீட்டிலேயே முடிவுசெய்து மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். நடுவில் தடுமாறினாலும் முடிவில் சரியான இடத்தில் இறங்கிவிடலாம். கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாட்டு நடக்கும்போது 7-இல் வைத்திருங்கள். இடையிசை தொடங்கும்போது வலக்கைச் சுண்டுவிரலால் அதை 10-க்குத் திருப்புங்கள். சரணத்தின் முதல் சொல் வருவதற்கு முன், கடைசிச் சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, அதே விரலால் மீண்டும் 7-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.